நே

ஜெஸ்டபோனியில் மருந்துக்கடைக்கு மேல்மாடியில்
மூன்று மொழிகள் கற்றுத்தருகிறார்கள்.
வெள்ளிக்கிழமைக்குள் சேர்ந்தால் பாதிக் கட்டணம்.
படிக்கட்டு விளக்கு எரியாது.
கைப்பிடியைத் தொட்டால் கையெல்லாம் கருந்தூள்,
உலைத்தூள்.
ஊரில் அதை யாரும் துடைப்பதில்லை.

லமாரா பத்தொன்பது வருஷம் கிரேன் ஓட்டியவள்.
கீழே நிற்பவனின் கையசைவுதான் அங்கே மொழி:
ஏற்று. இறக்கு. நில்.
அந்த மூன்றை வைத்துக்கொண்டு
யாருக்கும் யாரோடும் சண்டை வந்ததில்லை.
இப்போது கிரேனை விற்றாயிற்று.
தண்டவாளத்தில் யாருடைய ஆடோ படுத்திருக்கிறது.

ஜெர்மன் படித்தால் சம்பளம் அதிகம்.
ஆனால் பரீட்சை உண்டு.
பரீட்சைக்கும் பயணத்துக்கும் பாதி மாட்டின் விலை.
எந்தப் பாதியை விற்பது,
கறக்கிற பாதியையா, தின்கிற பாதியையா
என்று ஜும்பர் கேட்டான்.
அதோடு ஜெர்மன் முடிந்தது.

இத்தாலியன் என்றால் பாரி நகரம்.
நாத்தனார் மேதேயா ஏழு வருஷமாக அங்கே.
ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வருவாள்.
முகத்துக்குப் பின்னால் ஜன்னல், ஜன்னலோரம் கட்டில்,
கட்டிலில் தொண்ணூற்று மூன்று வயது.
சுலபம்தான் லமாரா, என்றாள்.
நீ நிறையக் கற்க வேண்டாம்.
கடைசியில் அவர்களுக்கே ஒரு சொல்தான் மிச்சம்.
ராத்திரி முழுக்க அதைத்தான் கூப்பிடுவார்கள்,
மாம்மா, மாம்மா என்று.

லமாரா போனைக் கவிழ்த்து வைத்தாள்.

அவள் பாஷையில் அம்மாவுக்கு தேதா.
மாமா என்றால் அப்பா.
தொண்ணூற்றிரண்டில்
சர்க்கரை வாங்கி வருகிறேன் என்று
கிராஸ்னோதாருக்குப் பஸ் ஏறியவர்.
சர்க்கரையும் வரவில்லை.
இரவு இரண்டு மணிக்கு, அந்நிய வீட்டில்,
யாருடைய அம்மாவோ என் அப்பாவைக் கூப்பிட
நான் எழுந்து போய் என்ன சொல்ல?
கடைக்குப் போயிருக்கிறார் என்றா?

மிச்சமிருந்தது கிரேக்கம்.
டீச்சர் கிரியாகி சல்கா ஊர்க்காரி.
கிரேக்கக் குடும்பம், வீட்டில் பேசியது துருக்கி,
கிரேக்கத்தைத் தெசலோனிகியில்
தட்டுக் கழுவிக் கற்றவள்.
எழுத்தட்டையை எடுக்கப் போனவளை நிறுத்தி
லமாரா கேட்டாள்:
ராத்திரியில் எப்படிக் கூப்பிடுவார்கள், அம்மாவை?

மானா.

வாயில் போட்டுப் பார்த்தாள். மானா.
உள்ளே ஆள் இல்லை.
காலி செய்து, கழுவிவிட்ட அறை.

சரி. இல்லை என்பதற்கு?
ஓஹி.
ஆம் என்பதற்கு?
நே.
ஆம் என்பதற்குக் கேட்டேன்.
ஆம் என்பதற்குத்தான். நே.

பள்ளிக்கூடத்து ரஷ்யன் எங்கேயோ புரண்டு படுத்தது.
தொடாதே, பேசாதே, புகைக்காதே,
எல்லாவற்றுக்கும் முன்னால் வந்து நிற்குமே
ஏறக்குறைய அதே ஒலி.
அவள் கிரேனின் நெற்றியிலேயே எழுதியிருந்தது,
சிவப்பில், ஆள் உயர எழுத்தில்:
நே ஸ்தோய், சுமைக்குக் கீழே நிற்காதே.

லமாரா சிரித்துவிட்டாள்.
முன்பல் இல்லாததால் பொதுவாக
வெளியிடங்களில் சிரிப்பதில்லை.

கிழவரைக் குளிப்பாட்டுவாயா? நே.
ஞாயிற்றுக்கிழமையும் உண்டு, சம்மதமா? நே.
கதவோரம் படுத்துக்கொள்வாயா,
பாஸ்போர்ட் எங்களிடம் இருக்கட்டுமா?
நே, நே.
எவ்வளவு தங்கமான பெண் என்பார்கள்.
சொல்லிக்கொள்ளட்டும்.
காது அவளுடையது.

நாற்பது லாரி எண்ணி வைத்தாள்.
பேனா எழுதவில்லை.
உள்ளங்கையில் இரண்டு முறை கிறுக்கி
மை வந்ததும் கையெழுத்துப் போட்டாள்.
தாளின் ஓரத்தில் உலைத்தூள், பெருவிரல் அளவு.

ராத்திரி பீன்ஸ் உரித்துக்கொண்டிருக்கையில்
ஜும்பர் கேட்டான்,
ஏன் போயும் போயும் கிரேக்கம்?
மலிவு, என்றாள்.
மூன்றுக்கும் ஒரே கட்டணம்தானே?

நே, என்றாள் லமாரா.